மரியநாயகியின் முன்னூறு கதிரைகள்

யாழ்ப்பாணத்தில், கொக்குவில் ஸ்டேசனுக்குப் போகிற ஒழுங்கையில் எவரையாவது நிறுத்தி, "இந்த மரியநாயகி எப்படி இவ்வளவு சொத்துச் சேர்த்தாள்?" என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். இந்தியாவிலிருந்து வரும்போதே சேலைத் தலைப்பில் பவுன் முடிந்துகொண்டு வந்தவள் என்பார் ஒருவர். வாடகைக்கு இருந்த வளவில் ஒல்லாந்தர் காலத்துக் காசுப் பானை அகப்பட்டது என்பார் இன்னொருவர். பென்சன் எடுத்த கிளாக்கர் சோமசேகரமோ தேத்தண்ணிக் கடை வாங்கிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தீர்ப்பே சொல்லிவிடுவார்: "வந்தான் வரத்தானுக்குச் செலவு என்ன கிடக்கு? மிச்சம் பிடிக்கிறது பெரிய வித்தையோ?"

பவுனும் இல்லை, பானையும் இல்லை. சோமசேகரம் சொன்னதில் மட்டும் ஒரு கால்வாசி உண்மை இருக்கிறது. மிச்ச முக்கால்வாசி அவர் குந்தியிருந்த ஒழுங்கையிலேயேதான் நடந்தது. அவருக்குத்தான் கண் தெரியவில்லை.

மரியநாயகி தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கியது ஐம்பத்தாறாம் ஆண்டு. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. இராமநாதபுரம் பக்கத்து ஓரியூர்க்காரி. புருஷன் சிமியோன் சிறுவயதிலேயே தகப்பனோடு வந்தவன். பட்டினத்தில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை எண்ணுகிற வேலை. பிரஜாவுரிமைக் கடதாசியும் எடுத்து வைத்திருந்தான். கொக்குவிலில் இரண்டு அறை வாடகை வீடு பார்த்து அவளைக் கொண்டுவந்து இறக்கினான். வந்த கிழமையே அவள் "ஆமா" என்று சொல்வதைக் கேட்க வேலிக்கு மேலால் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. 'ஓம்' என்று சொல்லப் பழகவே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவர்களை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று ஊருக்குத் தெரியவில்லை. இன்னாருடைய மச்சாள், இன்னாருடைய பெறாமகன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கிறிஸ்து வேதக்காரர் வேறு. சோமசேகரம் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, சிமியோனிடம் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், தாய்வழி, பூட்டனின் தொழில் எல்லாம் விசாரித்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல், "சரி, இரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்த வருஷம் மகள் யோசப்பின் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தார்கள். கடைக்காரப் பொடியள், சிமியோனின் கூட்டாளிகள், கோயில் சுவாமியார். வீட்டில் ஒரு கதிரைகூட இல்லை. அந்தக் காலத்தில் நன்மை தின்மைக்குக் கதிரை, சமையல் கிடாரமெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் இரவல் எடுப்பதுதான் ஊர்வழக்கம். வாடகை என்ற பேச்சே கிடையாது. மரியநாயகியும் பக்கத்து வளவுக் கனகாம்பிகையிடம் போய், "அக்கா, நாலு நாற்காலி குடுங்க, சாயந்தரம் கொண்டாந்துடுறேன்" என்று கேட்டாள்.

"கதிரையோ? ஐயோ பிள்ளை, எங்கடை கதிரையள் எல்லாம் அச்சுவேலியிலை ஒரு கலியாண வீட்டுக்குப் போயிட்டுதே" என்றாள் கனகாம்பிகை.

சொன்னவள் நின்றது தன் வீட்டு விறாந்தையில். அவளுக்குப் பின்னால் எட்டுக் கதிரைகள், தூசி தட்டி, வரிசையாக நின்றன. மரியநாயகி அந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரிங்கக்கா" என்று திரும்பி வந்தாள். கனகாம்பிகை கெட்டவள் இல்லை. கதிரை கொடுத்தால் உறவாகிவிடும். அவளுக்கு அதுதான் பயம். அன்றைக்கு விருந்தாளிகள் அரிசி மூட்டையில் இருந்தார்கள். சுவாமியார், பாவம், கவிழ்த்த உரலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தார். மரியநாயகிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாளைக்கே பன்னிரண்டு கதிரை வாங்கியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பட்டினத்தில் ஒரு படக்கொட்டகையை இழுத்து மூடிச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மடக்குக் கதிரைகள், நல்ல முதிரைப் பலகை. கையில் கிடந்த காப்பு இரண்டையும் கழற்றி விற்றுக் காசாக்கி, சிமியோனை அனுப்பாமல் தானே போனாள். ஏலக்காரன் விலையைச் சொல்லச் சொல்ல, 'பன்னிரண்டுக்கு இந்த விலை அதிகந்தான், போகட்டும்' என்று கையைத் தூக்கிவிட்டாள். மூன்றுதரம் மணி அடித்த பிறகுதான் சொன்னார்கள், எல்லாம் ஒரே கட்டாம். அறுபது கதிரை.

இரண்டு மாட்டு வண்டிலில் கதிரைகள் வந்து இறங்கியபோது சிமியோன் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல் படலையடியில் குந்திவிட்டான்.

"ஏ புள்ள, இருக்கிறது ரெண்டரை ஆளு. அறுபது நாற்காலிய வச்சு என்னடி பண்ணப் போறே?"

"மாத்தி மாத்தி உக்காருவோம்" என்றாள் மரியநாயகி. வேறென்ன சொல்வாள்? பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் ஆட்கள் கதிரைகளுக்கு இடையில் ஒதுங்கித்தான் படுத்தார்கள்.

மூன்று மாதம் போயிருக்கும். கனகாம்பிகையின் மாமியார் செத்துப்போனார். செத்தவீட்டுக்குச் சனம் வரத் தொடங்கிவிட்டது. இருக்க இடமில்லை. ஊரில் கதிரை உள்ள பெரிய வீடு எதிர்ப்படலைத் தம்பிஐயா வீடு. தம்பிஐயா வேறு ஆளில்லை, கனகாம்பிகையின் கூடப்பிறந்த அண்ணை. ஆனால் பொதுக் கிணற்றுப் பங்கில் சண்டை வந்து ஆறு வருஷமாகக் கதை பேச்சு இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், எதிரெதிர்ப் படலை, ஒருவர் வெளிக்கிட்டால் மற்றவர் உள்ளே போய்விடுவார்! தம்பிஐயாவின் பக்கத்தாரும் அதோடு கோபம். மாமியாரை விறாந்தையில் கிடத்திப்போட்டுக் கனகாம்பிகை முகத்தைத் துடைத்துக்கொண்டு மரியநாயகி வீட்டுக்கு வந்தாள்.

"உந்தக் கதிரையள் சும்மாதானே கிடக்குது?"

"எடுத்துட்டுப் போங்கக்கா. எத்தனை வேணும்?"

"நாப்பது. எவ்வளவு காசு?"

"செத்த வீட்டுல போய்க் காசு வாங்குவாங்களா? சும்மா எடுத்துட்டுப் போங்க."

கனகாம்பிகை உடனே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சும்மா எண்டால் எனக்கு வேண்டாம். இண்டைக்கு நான் சும்மா வாங்கினால் நாளைக்கு நீர் வந்து ஒண்டு கேப்பீர். பிறகு போக்குவரத்து, கொண்டாட்டம் எண்டு வளரும். உது சரிவராது. கதிரைக்குப் பத்துச் சதம் போடும்."

மரியநாயகிக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆனால் அவள் மண்டையில் ஏதோ ஒன்று அப்போதுதான் விளங்கியது. கதிரைகளைச் சிமியோனோடு சேர்ந்து தலையில் சுமந்து கொண்டுபோய் விரித்துவிட்டு வந்து சொன்னாள்: "நம்மகிட்டச் சொந்தம் வந்துடக் கூடாதுன்னு காசு குடுக்குறாங்க. குடுக்கட்டுங்க. வாங்கிக்குவோம்."

இவ்வளவுதான் புதையல். இதைக் கண்டுபிடிக்கச் சோமசேகரத்துக்கு முப்பது வருஷக் கிளாக்கர் உத்தியோகமும் போதாமல் போய்விட்டது.

கோபம் இல்லாத குடும்பம் அந்த ஒழுங்கையில் எங்கே இருந்தது, சொல்லுங்கள்? வேலிக் கதியாலை வருஷம் ஒரு சாண் தள்ளி நட்டதால் கோபம். கலியாணத்துக்கு ஆளோடு ஆள் வந்து சொல்லாமல் தபாலில் அழைப்புக் காட் போட்டதால் கோபம். சொன்னார்கள்தான், ஆனால் எங்களுக்குக் கடைசியாகச் சொன்னார்கள் என்று கோபம். கோபக்காரன் வீட்டில் கதிரை இரவல் கேட்க முடியுமா? மானம் போய்விடாதா? மரியநாயகியிடம் கேட்கலாம். அவள் ஒருத்தரோடும் கோபம் இல்லை. கோபிப்பதற்கு அவள் யாருக்கும் ஒன்றுமில்லையே!

கனகாம்பிகையின் புருஷன் வாத்தியார். கணக்கில் கெட்டிக்காரர். இந்தக் கதிரை வருமானத்தைப் பார்த்துவிட்டு நாமும் ஒரு ஐம்பது வாங்கிப் போட்டால் என்ன என்று ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தார். கனகாம்பிகை சிரித்தாள். "எங்கடை பக்கத்தாரிட்டைக் காசு கேட்டால் குடுப்பினமோ? சொந்தத்துக்குள்ளை வாடகையோ எண்டு காறித் துப்புவினம். அண்ணை பக்கத்தார் எங்கடை கதிரையிலை இருப்பினமோ? செத்தாலும் இருக்கமாட்டினம். பிறகு ஆருக்குக் குடுக்கப் போறியள்? அதோடை நீங்கள் தலையிலை கதிரை சுமந்துகொண்டு ஒழுங்கையாலை போனால் எங்கடை பெட்டையளை ஆர் கேட்டு வருவான்?" வாத்தியார் கொப்பி திருத்தப் போய்விட்டார். அவர் முட்டாளில்லை. அந்த ஊர்க்காரராகப் பிறந்துவிட்டார், அதுதான் அவருடைய குறை.

மரியநாயகிக்கு அந்தத் தொல்லை இல்லை. தலையில் ஆறு கதிரை, இடுப்பில் பிள்ளை என்று நட்ட நடு மத்தியானத்தில் போவாள். யார் பார்த்தால் என்ன? ஓரியூரில் போய்ச் சொல்லவா போகிறார்கள்? கோயில் திருவிழாவில் மற்றப் பகுதியை விடப் பெரிதாக வாணம் விட வேண்டிய கட்டாயம் இல்லை. மச்சாளின் அட்டியலைப் பார்த்து அட்டியல் செய்ய மச்சாளும் இல்லை. வந்த காசு கதிரையாயிற்று, கிடாரமாயிற்று, பெற்றோமக்ஸ் லைட்டாயிற்று. அறுபத்துநாலில் ஒலிபெருக்கி வாங்கினாள். சிமியோன் கடை வேலையை விட்டுவிட்டு இசைத்தட்டுப் போடுகிறவனானான். அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! காதில் பூ வைத்துக்கொண்டு போவான்.

கதிரை எவரும் கொடுக்கலாம், ஆனால் விரிக்கிற வித்தை அவளிடம்தான் இருந்தது. இன்னார் இன்னாரோடு கோபம், எத்தனையாம் வருஷத்திலிருந்து கோபம், முகம் பார்க்காத கோபமா, முகம் பார்த்துக் கதைக்காத கோபமா என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு கலியாணப் பந்தலில் நாலு கோஷ்டி இருந்தால் நாலுக்கும் நாலு திசை. முகம் பார்க்கவே கூடாதென்றால் நடுவில் மேளகாரரை இருத்திவிடுவாள். சந்து தெரிந்தால் ஒரு வாழையை நட்டுவிடுவாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "உம்மடை எண்ணத்திலை போடும், மரியநாயகி" என்பார்கள். அவள் விரித்த பந்தலில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

எழுபதுகளில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றுபோய், யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. கலியாணங்கள் பெருத்தன. மரியநாயகியும் பெருத்தாள். சொந்த வளவு, கல்வீடு, இரண்டு லொறி, எண்ணூறு கதிரை, லைட் எஞ்சின் வேறு. வேலைக்கு ஆறு பேர். யோசப்பின் படித்து வாத்திச்சி ஆனாள்.

எல்லாம் இருந்தது. ஒன்று இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கலியாணத்துக்காவது அவளுக்கு ஒருவரும் 'சொன்னதில்லை'. சொல்லுதல் என்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, விறாந்தையில் இருந்து, வாய் திறந்து, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்வது. அவளுடைய படலைக்கு வருகிறவர்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "மரியநாயகி, பதினாலாம் திகதி கலியாணம்" என்பார்கள். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு துடிக்கும். "இருநூறு கதிரை" என்று முடிப்பார்கள். கலியாணம் நடக்கும்போது அவள் பின்வளவில் நிற்பாள், முடிந்ததும் கதிரை மடக்குவாள், வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். இதை யாரிடமும் சொல்லி அழுதவளல்ல. ஆனால் வலித்தது. நன்றாக வலித்தது.

எழுபத்தொன்பதில் யோசப்பினுக்கு இளவாலையில் மாப்பிள்ளை சரிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை நல்ல மனுஷன். பெண்சாதிதான் கொஞ்சம் ஊசி. கலியாணப் பேச்சுக்கால் முடிந்து எழும்பும்போது அந்த அம்மாள் கேட்டாள்: "எங்கடை பக்கம் இருநூறு பேர் வருவினம். உங்களுக்கு இஞ்சை சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லையாமே? பொம்பிளை வீட்டுப் பக்கம் ஒரு பத்துக் கதிரை போட்டால் காணும், என்ன?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். யோசப்பினின் முகம் செத்துப்போய்விட்டது. மரியநாயகிக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"முன்னூறு பேர்" என்றாள். "எங்கடை பக்கம் முன்னூறு பேர் வருவினம். எல்லாரும் வந்துதான் கேக் வெட்டுறது."

அவர்கள் போனதும் சிமியோன் உடைந்துபோய்க் கேட்டான். "முன்னூறுக்கு எங்கடி போவே? ஓரியூர்ல இருந்து விசா எடுத்து ஆளக் கொண்டாரவா? வெறும் நாற்காலியப் பாத்தா அந்தம்மா நம்ம புள்ளைய வாழ்நாள் பூராக் குத்திக் காட்டும்."

"ஊருல இருக்கிறவங்களக் கூப்புடுவோம்."

"நம்மள ஒரு நாளாச்சும் கூப்புட்டிருக்காங்களா?"

"அவங்க கூப்புடலேன்னா நாம கூப்புடக் கூடாதா? அது எந்த ஊரு சட்டம்? சட்டைய மாட்டுங்க, கெளம்புங்க."

பன்னிரண்டு நாள் நடந்தார்கள். தபாலில் ஒரு காட் போடவில்லை. படலை படலையாக, ஆளோடு ஆளாக, புருஷனும் பெண்சாதியும் போய்ச் சொன்னார்கள். நல்லூரிலிருந்து சைவச் சமையற்காரரைப் பிடித்திருப்பதையும் தவறாமல் சொன்னார்கள். பலர் காட்டை வாங்கக் கை நீட்டவே மறந்துபோனார்கள். கதிரைக்காரி காட்டோடு வந்து விறாந்தையில் இருக்கிறாளே! சோமசேகரம் மட்டும் எழும்பி நின்று காட்டை வாங்கினார். "கட்டாயம் வருவன். எனக்கு இந்த ஊரிலை ஒருத்தரோடையும் கோபதாபம் இல்லை பாருங்கோ. ஆர் வந்தாலும் நான் வருவன்" என்றார்.

மற்றவர்கள் அப்படியா? தம்பிஐயா முதல் கேள்வியே அதுதான் கேட்டார். "உவள் கனகாம்பிகைக்கும் சொன்னனீரோ?"

"சொன்னனான் அண்ணை."

"அவள் வந்தால் நான் வரேலாது."

"அவவும் வருவா, நீங்களும் வருவியள். ஆனால் நீங்கள் அவவைக் காணமாட்டியள். அது என்ரை பொறுப்பு. நான் போட்ட கதிரையிலை இருந்து நீங்கள் இவ்வளவு காலமும் ஆரையேன் கண்டனீங்களோ?"

தம்பிஐயா யோசித்துப் பார்த்தார். காணவில்லைதான். "உது நியாயமான கதை" என்று காட்டை வாங்கி வைத்தார்.

கலியாண நாளுக்கு முதல்நாள் மரியநாயகி தன் வளவில் தானே நின்று முன்னூறு கதிரை விரித்தாள். வாழ்நாள் வித்தை முழுவதையும் அதில் காட்டினாள். மாமரத்துக்கு வடக்கே கனகாம்பிகை பக்கத்தார். தெற்கே தம்பிஐயா பக்கத்தார். நடுவில் மேளம். வேலிச் சண்டைக்காரருக்கு இடையில் இருபது வாழை. ஒருவர் முதுகுகூட மற்றவருக்குத் தெரியாது.

காலையில் வேதக் கோயிலில் தாலி கட்டியாயிற்று. நாலு மணிக்கு வளவில் விருந்து. மூன்றேமுக்காலுக்கு இளவாலைக்காரர் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, தங்கள் பக்கத்து இருநூறு கதிரையிலும் நிறைந்துவிட்டார்கள். பெண் வீட்டுப் பக்கம் முன்னூறு கதிரையும் வெறும் கதிரை. நாலு மணி. ஒரு குஞ்சு குருமானும் இல்லை. நாலேகால். சமையற்காரர் அண்டாவை மூடிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நீக்கிலாப்பிள்ளையின் பெண்சாதி முன்வரிசையில் விசிறியை ஆட்டிக்கொண்டு, வெறும் கதிரைகளையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மணவறையில் யோசப்பினின் தலை நிமிரவே இல்லை. அவள் மடியில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

மரியநாயகி ஒழுங்கைக்கு ஓடினாள். பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாரும் வெளிக்கிட்டுத்தான் நின்றார்கள்! படலைக்குப் படலை, பட்டுச் சேலையும் சால்வையுமாக, கதவிடுக்கால் எதிர்ப்படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பிஐயா போகட்டும் என்று கனகாம்பிகை நிற்கிறாள். கனகாம்பிகை போகட்டும் என்று தம்பிஐயா நிற்கிறார். இருக்கிற ஒழுங்கை ஒன்று. அதில் இறங்கினால் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டுமே! பந்தலுக்குள் அவ்வளவு வித்தை காட்டியவள், பந்தலுக்கு வருகிற வழியை மறந்துவிட்டாள். மற்றவர்களின் கலியாணத்துக்கு ஊரில் பாதிதான் வரும். ஊர் முழுவதையும் ஒரே நாளில் அழைத்தவர் அவளுக்கு முதல் யாரும் இல்லையே.

திரும்பி ஓடிவந்தாள். சிமியோன் போட்டிருந்த இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினாள். மைக்கைப் பிடித்தாள். பனைமரத்தில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும் ஸ்டேசன் வரைக்கும் கேட்கும்.

"கனகாம்பிகை அக்கா! கனகாம்பிகை அக்கா! நீங்கள் இப்ப வெளிக்கிடுங்கோ. சேலை நல்ல வடிவு, படலை இடுக்காலை பாத்திட்டன். தம்பிஐயா அண்ணை! நீங்கள் தயவு செய்து பத்து நிமிசம் உங்கடை படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருங்கோ. அக்கா வந்து வடக்குப் பக்கம் இருந்த பிறகு நான் உங்களைக் கூப்பிடுறன். உங்களுக்குத் தெற்குப் பக்கம், முதல் வரிசை. நடுவிலை தவில்காரர் இருக்கிறார், பயப்பிடாதையுங்கோ!"

பந்தலுக்குள் இளவாலைக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  பிறகு எந்தப் படலைக்குப் பின்னாலோ ஒருவர் 'பக்' என்று சிரித்தார். அடுத்த படலையில் இன்னொருவர். தம்பிஐயாவின் படலை 'டப்' என்று சாத்துகிற சத்தம் கேட்டது. கனகாம்பிகை வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, பரிவாரத்தோடு ஒழுங்கையில் இறங்கினாள்.

பிறகென்ன, மரியநாயகி விடவில்லை. கதியால் சண்டைக்காரரில் மேற்குப் பக்கத்தார் இப்போது, கிழக்குப் பக்கத்தார் அவர்களுக்குப் பிறகு. தபால் காட் கோபக்காரர் இந்தப் பக்கம், கடைசியாகச் சொன்ன கோபக்காரர் அந்தப் பக்கம். குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஊர்ச் சண்டை முழுவதும் பனைமரத்து உச்சியிலிருந்து அறிவிப்பாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் படலைகளுக்குப் பின்னால் சிரிப்பு. தன் பெயர் வருமட்டும் சிரிப்பு, வந்ததும் வெட்கம், வெட்கத்தோடு நடை. ஐந்து மணிக்கு முன்னூறு கதிரையும் நிறைந்தது. பிறகும் சனம் வந்தது. லொறியிலிருந்து இன்னும் எழுபது கதிரை இறக்கினார்கள். எல்லாரும் கை நனைத்தார்கள். கனகாம்பிகை இரண்டாம் தரம் பாயசம் வாங்கினாள்.

நீக்கிலாப்பிள்ளையின் பெண்சாதி விசிறியை மடியில் வைத்துவிட்டு மரியநாயகியின் கையைப் பிடித்தாள். "உங்கடை சொந்தக்காரர் என்ன ஒழுங்கான ஆக்களப்பா! பேர் கூப்பிடக் கூப்பிட வரிசையாய் வருகினம். எங்கடை சனத்துக்கு உது வராது."

 கேக் வெட்டும்போது யோசப்பின், தாயைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எண்ணூறு கதிரையும் இரண்டு லொறியும் ஈடாகாது.

நாலாம் நாள் சிமியோன் தேத்தண்ணிக் கடையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தான். முகம் சரியில்லை.

"சோமசேகரம் ஐயா நம்ம மேல கோவமாம், மரியா. அடுத்த கிழமை புது வீட்டுக் குடிபூரலுக்குச் சொன்ன இருநூறு நாற்காலியும் வேணாம்னுட்டாரு. டவுன்ல இருந்து எடுக்கப் போறாராம்."

 சோமசேகரம் வந்தாரா என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை. மைக்கில் கூப்பிட்டதெல்லாம் கோபக்காரரை. அவர்களுக்குத்தானே வழி ஒழுங்கு பண்ண வேண்டியிருந்தது. சோமசேகரத்துக்கு ஒருவரோடும் கோபம் இல்லை, அவர் தன்பாட்டில் வந்துவிடுவார் என்று விட்டுவிட்டாள். அவரோ பட்டு வேட்டி, சரிகைச் சால்வையோடு விறாந்தையில் குந்தியிருந்து, ஊரில் உள்ளவர் எல்லாருடைய பெயரும் ஒலிபெருக்கியில் போகப் போகக் கேட்டுக்கொண்டு, தன்னுடைய பெயர் வரும் வரும் என்று விளக்கு வைக்குமட்டும் காத்திருந்திருக்கிறார்.

"கடையில எல்லார் முன்னாடியும் கத்துறாரு. 'ஊரிலை உள்ள சண்டைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டவ, என்னை மட்டும் விட்டிட்டா. இனி அவவின்ரை படலை மிதிக்கமாட்டன். அவ செத்தாலும் போகமாட்டன்' அப்படீன்னு."

மரியநாயகி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"செத்தாலும் போகமாட்டேன்னா சொன்னாரு? அந்த வார்த்தையவேவா?"

"அந்த வார்த்தையத்தான் சொன்னாரு. சைக்கிள்ல எதுக்க வந்தாரு, என்னப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு."

அவள் விறாந்தை விளிம்பில் குந்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. சிமியோன் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான். பார்த்தால், மனுஷி சிரிக்கிறாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"இருபத்திமூணு வருசமாச்சுங்க. இந்த ஊருல ஒரு மனுசன் நம்மகிட்டக் கோவிச்சிக்கிட்டதில்ல. கனகாம்பிகை அண்ணன்கிட்டக் கோவிச்சிப்பா, அவரு தங்கச்சிகிட்டக் கோவிச்சிப்பாரு. நம்மகிட்ட யாருங்க கோவிச்சிக்கிட்டா? செத்தா வரமாட்டேன்னு சொல்றாருன்னா, இந்தக் கோவம் இல்லேன்னா வந்திருப்பாருன்னுதானே அர்த்தம்?"

சிமியோனுக்கு வாடகைதான் மனதில் நின்றது. "இருநூறு நாற்காலி போச்சே" என்றான்.

"போகட்டும். சொந்தம்னு வந்தா நட்டம் வரத்தான் செய்யும்."

"சரி, சாயந்தரம் நாம போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுவோமா? நல்ல மனுசன். சொன்னாக் கேட்டுக்குவாரு."

"போகாம இருக்க முடியுமா? போவோம். தட்டத்துல வெத்தலை பாக்கு வச்சு, ரெண்டு பேருமாப் போவோம்" என்றாள் மரியநாயகி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழும்பிப் போய்ப் படலையைத் திறந்து, சோமசேகரத்தின் வீடு இருக்கிற பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆனா இன்னைக்கு வேணாங்க. ஒரு ஆறு மாசமாச்சும் இருக்கட்டும்."